பனாமாவின் போக்கேத்தே மாவட்டத்து நிலமும் மக்களும்

கேள்வி இது: பனாமா நாட்டின் போக்கேத்தே பற்றி ஒரு பக்கம் "ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் குடியேறும் மலையூர்" என்றும், இன்னொரு பக்கம் "உலகிலேயே விலை கூடிய காப்பி விளையும் இடம்" என்றும் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த நிலம் எப்படிப்பட்டது, அங்கே வாழ்பவர்கள் யார்?

இரண்டு செய்திகளும் உண்மைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தாலும் போக்கேத்தே முழுமையாகப் பிடிபடாது. ஏனென்றால் அந்த மாவட்டத்தின் வாழ்வைத் தீர்மானிப்பவற்றில் பெரும்பாலானவை அதன் எல்லைக்கு வெளியிலிருந்து வருபவை. அங்கே விழும் தூறல் மலைக்கு அப்பாலுள்ள கரீபியக் கடலிலிருந்து வருகிறது. அதற்குப் பெயர் வாங்கித் தந்த காப்பி விதை எத்தியோப்பியக் காட்டிலிருந்து வந்தது. பழம் பறிக்கும் குடும்பங்கள் பக்கத்திலுள்ள பழங்குடி ஆட்சிப் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் நடந்தும் பேருந்திலுமாக வருகின்றன. வீட்டுமனை விலையை ஏற்றிவிட்ட பணம் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆகவே இந்த வரவுகளைத் தொடர்ந்து போனால்தான் ஊர் புரியும்.

முதலில் இடம். பனாமாவின் மேற்கு ஓரத்தில், கோஸ்டா ரிக்கா எல்லையை ஒட்டியது சிரிக்கி மாகாணம். அதன் வடபகுதி மலைச்சரிவில் இருக்கிறது போக்கேத்தே. மாவட்டம் என்றதும் பல லட்சம் பேர் வாழும் பெரும்பரப்பை எண்ணிக்கொள்ள வேண்டாம். பனாமாவில் 'திஸ்த்ரித்தோ' என்பது அளவில் நம்முடைய வட்டத்துக்கு நெருக்கமானது. போக்கேத்தேயின் பரப்பு சுமார் 490 சதுர கிலோமீட்டர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 21,000 பேர் பதிவாயினர். (இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன்.) மாகாணத் தலைநகரான தாவித், நம் வரைபடங்களில் டேவிட், தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கரையோரச் சமவெளியில் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் நகரம். அங்கிருந்து சாலை சீராக ஏறி, ஆல்த்தோ போக்கேத்தே என்ற மேட்டுநிலத்தைக் கடந்து, பிறகு சட்டென்று ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் கல்தேரா ஆற்றின் இருகரையிலும் பரவியிருப்பதே மாவட்டத் தலைமையிடமான பாஹோ போக்கேத்தே. ஆல்த்தோ என்றால் மேல், பாஹோ என்றால் கீழ். கீழ் என்று பெயர் இருந்தாலும் அது கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 'போக்கேத்தே' என்ற ஸ்பானியச் சொல்லுக்கே இடைவெளி, திறப்பு என்று பொருள்; நம்மூரில் கணவாய் என்போமே, அதுபோல.

ஊரின் மேற்கே நிற்கிறது பாரு எரிமலை. 3,474 மீட்டர் உயரமுள்ள இதுவே பனாமாவின் மிக உயர்ந்த இடம். நாடு குறுகலான நிலக்கழுத்தாக இருப்பதால், மேகமில்லாத விடியலில் இதன் உச்சியில் நின்றால் ஒருபுறம் பசிபிக் பெருங்கடலையும் மறுபுறம் கரீபியக் கடலையும் ஒருங்கே பார்க்கலாம். எரிமலை அணைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அதன் கடைசி வெடிப்பு நிகழ்ந்து நானூறு, ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன என்று நிலவியலார் கணிக்கிறார்கள். அது கக்கிய சாம்பல்தான் சரிவு முழுவதும் மண்ணாகக் கிடக்கிறது: கருமையான, பொலபொலப்பான, நீரைத் தேக்கி வேரை அழுகவிடாமல் வடித்துவிடும் மண். 1976 முதல் எரிமலையின் மேற்பகுதி தேசியப் பூங்காவாக இருப்பதால், தோட்டங்கள் ஓர் உயரத்துக்கு மேல் ஏற முடியாது. அங்கிருந்து கெட்சால் பறவை வாழும் முகில்காடு தொடங்குகிறது.

அந்தக் காட்டைப் பற்றி ஒரு சிறு செய்தி. எரிமலையின் மறுபக்கத்தில், நாட்டின் காய்கறியில் பெரும்பங்கை விளைவிக்கும் செர்ரோ புந்தா என்ற ஊர் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே காட்டுக்குள் ஒரு நடைபாதை உண்டு. சில மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். காரில் போவதானால் எரிமலையின் தெற்கு அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் மிரேயா மோஸ்கோசோ குடியரசுத் தலைவராக இருந்தபோது பூங்காவின் ஊடாகச் சாலை போட அரசு முனைந்தது. எதிர்ப்பு வலுத்து 2003-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அருகருகே இருந்தும் இந்த இரு வேளாண் வட்டாரங்களும் தனித்தனி இயல்போடு இருப்பதற்கு இந்தச் சாலையின்மை ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

மண்ணைவிடவும் போக்கேத்தேக்காரர்கள் உரிமையோடு பேசுவது தங்கள் தூறலைப் பற்றித்தான். அதற்கு 'பஹரேக்கே' என்று பெயர். (ஸ்பானியம் பேசும் வேறு நாடுகளில் இதே சொல் மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவரைக் குறிக்கும், அங்கிருந்து வருபவர்கள் குழம்புவது உண்டு.) பசிபிக் பக்கத்துச் சிரிக்கியில் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். டிசம்பருக்குப் பின் ஏப்ரல் வரை சமவெளி காய்ந்து கிடக்கும். ஆனால் அதே மாதங்களில் கரீபியக் கடலிலிருந்து வீசும் வடகிழக்குக் காற்று, ஈரத்தைச் சுமந்து தலமான்கா மலைத்தொடரின் வடமுகத்தில் ஏறி, பெரும்பாலான நீரை அங்கேயே கொட்டிவிட்டு, மிச்சத்தை முகட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்த மிச்சம்தான் பஹரேக்கே: மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பூவாளி தெளித்ததுபோல் விழும். அதனால்தான் அங்கே வானவில் அன்றாடக் காட்சி.

காப்பிக்கு இது எப்படி உதவுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வறண்ட மாதங்களிலும் செடி வாடாது. மூடுபனியும் குளிர்ந்த இரவும் சேர்ந்து பழம் முற்றுவதைத் தாமதப்படுத்தும். மெதுவாக முற்றும் பழத்தில் சர்க்கரையும் மணமும் கூடும். அதே சமயம் தூறலில் கொட்டையை உலர்த்துவது பெரும்பாடு. ஆகவே முகட்டுக்கு அருகே இருக்கும் தோட்டக்காரர் உலர்த்தும் இயந்திரத்தையோ கூரையிட்ட பரண்களையோ நம்ப வேண்டியிருக்கிறது. சில கிலோமீட்டர் தெற்கே போனால் தூறல் நின்றுவிடும். ஒரே மாவட்டத்துக்குள், ஒரே பிற்பகலில், ஒருவர் மழைச்சட்டையோடும் இன்னொருவர் தொப்பியோடும் வேலை செய்துகொண்டிருப்பார்.

இதனால் மாவட்டத்தை உயரத்தின் வரிசையில் படிப்பதே எளிது. தென்கிழக்கில் தாழ்ந்து கிடக்கும் கல்தேரா பகுதி வெப்பமானது. மாடு மேய்ப்பவர்களின் புல்வெளி, வெந்நீர் ஊற்றுகள், பழங்காலத்தவர் கோடு கீறிய பாறை ஆகியவை அங்கே உள்ளன. ஆல்த்தோ போக்கேத்தே காற்று வீசும் மேட்டுநிலம். தூறல் குறைவு, பார்வைக்குத் தடையில்லை, ஆகவே புதுக்குடியிருப்புகள் அங்கே பெருகின. பல்மிரா, லோஸ் நராங்ஹோஸ், ஹரமில்யோ ஆகிய மேல்பகுதிகள் காப்பிக்கு உரியவை. நராங்ஹோஸ் என்றால் ஆரஞ்சு மரங்கள். காப்பிக்கு நிழலாகவும் ஊடுபயிராகவும் நின்ற ஆரஞ்சு ஒருகாலத்தில் காப்பிக்கு இணையாகப் பேசப்பட்டது. வெங்காயமும் கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் பூவும் ஓடையோரத் துண்டு நிலங்களில் விளைகின்றன.

கல்தேரா ஆற்றை அழகு கருதி மட்டும் பார்ப்பவர்கள் அதன் கரையில் கிடக்கும் பாறைகளின் அளவைக் கவனிப்பதில்லை. செங்குத்தான சரிவுகளில் பெய்த நீர் சில மணி நேரத்தில் பள்ளத்தாக்கின் அடிக்கு வந்துவிடும். ஊர் இருப்பதோ ஆறு முன்பு புரண்டு நிரப்பிய தரையில். 2008 நவம்பரில் பெய்த தொடர்மழையில் ஆறு கரையுடைத்து வீடுகளையும் சாலைகளையும் அடித்துச் சென்றது.

இனி மக்கள். மாவட்டம் நிறுவப்பட்டது 1911 ஏப்ரல் 11 அன்று. அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில்தான் இன்றைய ஊர் உருவானது: தாவித், குவலாக்கா, புகாபா போன்ற தாழ்நிலப் பகுதிகளிலிருந்து ஸ்பானியமும் பழங்குடியும் கலந்த மரபினர் நிலம் தேடி மேலேறினார்கள், அவர்களோடு ஐரோப்பியரும் வட அமெரிக்கரும் சேர்ந்தார்கள். பனாமாக் கால்வாய் வேலை முடிந்தபின் மலைக்குளிரை நாடி வந்தவர்களும் உண்டு. கால்வாயில் பொறியாளராக இருந்த நார்வேக்காரர் தோலெஃப் மொன்னிக்கே, லெரிதா என்ற தோட்டத்தை வாங்கிக் குடியேறி, நல்ல கொட்டையையும் சொத்தையையும் நீரில் பிரிக்கும் சாதனம் ஒன்றை வடிவமைத்தார். கென்டக்கியிலிருந்து வந்த இராபர்ட் லமாஸ்டஸ் 1918-இல் எலிதா தோட்டத்தைத் தொடங்கினார்; அது இன்றும் அதே குடும்பத்திடம் இருக்கிறது. 1916-இல் குடியரசுத் தலைவர் பெலிசாரியோ போர்ராஸ் ஆட்சியில் தாவித்திலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. மூட்டைகள் துறைமுகத்துக்குப் போக வழி பிறந்தபின்தான் காப்பி, வீட்டுத் தேவைப் பயிர் என்ற நிலையிலிருந்து வணிகப் பயிர் ஆனது.

இந்தக் கலப்பு மரபினர் தங்களைப் பனாமாக்காரர் என்பதற்கு முன் சிரிக்கானோ என்றே சொல்லிக்கொள்வார்கள். வியப்போ சலிப்போ எது வந்தாலும் "மேத்தோ!" என்பது அவர்கள் வாய்ச்சொல், தலைநகரில் ஒருவர் அப்படிச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். சிறு தோட்டக்காரர், சரக்குந்து ஓட்டுநர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் என்று மாவட்டத்தின் நடுத்தரம் பெரும்பாலும் இவர்களே.

அந்த விலை கூடிய காப்பி வகைக்குக் கெய்ஷா என்று பெயர். அதன் கதை பலமுறை சொல்லப்பட்டது. ஆனால் பெரும்பாலும் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நோயிலிருந்து தொடங்குவதே சரி. 1930-களில் எத்தியோப்பியாவின் தென்மேற்கில் கெஷா என்ற வட்டாரத்துக் காட்டில் சேகரித்த விதைகள், கென்யா, தான்சானியா வழியாக 1953-இல் கோஸ்டா ரிக்காவின் துர்ரியால்பா ஆய்வு மையத்தை அடைந்தன. ஜப்பானியக் கெய்ஷாவுக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஊர்ப்பெயரின் எழுத்துப்பிழைதான் நிலைத்துவிட்டது. துர்ரியால்பாவிலிருந்து 1960-களில் போக்கேத்தேக்குக் கொண்டுவந்தவர் 'தோன் பாச்சி' என்று அழைக்கப்பட்ட பிரான்சிஸ்கோ செர்ராசின். கொண்டுவந்த காரணம் சுவையன்று. இலைத்துரு நோயைத் தாங்கும் என்ற எதிர்பார்ப்பு. அந்த நோயின் அச்சம் நமக்கும் தொலைவானதன்று: 1869-இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவாகி, சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்து, அங்கே பருவந்தோறும் வேலைக்குப் போய்வந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வைத் தேயிலைக்கு மாற்றியது இதே பூஞ்சைதான்.

போக்கேத்தேயின் விவசாயிகளுக்கு முதலில் கெய்ஷாவைப் பிடிக்கவில்லை. செடி ஒல்லியாக நெடுநெடுவென்று வளரும், கிளை எளிதில் ஒடியும், விளைச்சல் குறைவு, தாழ்ந்த இடத்தில் நட்டதன் சுவையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பலர் பிடுங்கிவிட்டார்கள். 1990-களில் பீட்டர்சன் குடும்பத்தார் ஹரமில்யோவில் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். அங்கே 'சேவல் கண்' என்று ஸ்பானியத்தில் அழைக்கப்படும் பூஞ்சை நோய் தாக்கியபோது, சில செடிகள் மட்டும் இலை உதிராமல் நின்றதைக் கண்டு, அந்த வகையை இன்னும் உயரத்தில் நட்டார்கள். பிறகு ஒவ்வொரு பகுதியின் விளைச்சலையும் தனித்தனியாகக் காய்ச்சிச் சுவைத்துப் பார்த்தபோதுதான், மல்லிகையும் எலுமிச்சையும் கலந்தது போன்ற மணம் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. 2004-இல் பனாமாவின் சிறந்த காப்பிப் போட்டியில் அது முதலிடம் பெற்று, பவுண்டு 21 டாலருக்கு ஏலம் போனது. உலகச் சந்தையில் சாதாரணக் காப்பி பவுண்டு ஒரு டாலரைக்கூடத் தொடாத காலம் அது. 2019-இல் எலிதா தோட்டத்துக் கெய்ஷா பவுண்டு 1,029 டாலர்; 2025-இல் பீட்டர்சன் குடும்பத்தின் எஸ்மெரால்தா தோட்டத்துக் கெய்ஷா கிலோ 30,204 டாலர்.

இந்த எண்களை அளவறிந்து பார்க்க வேண்டும். ஏலத்துக்குப் போகும் மூட்டைகள் மிகச் சில. உச்ச விலை பெறுவது சில பத்து கிலோ மட்டுமே. பனாமாவின் மொத்தக் காப்பியே உலக உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. மாவட்டத்தின் சிறு தோட்டங்களில் இன்றும் கத்தூர்ரா, கத்துவாய், தீப்பிக்கா வகைகள் வளர்ந்து சாதாரண விலைக்கே போகின்றன. ஏல விலையைப் படித்துவிட்டுப் போக்கேத்தே விவசாயிகள் எல்லாரும் செல்வந்தர்கள் என்று நினைப்பது தவறு.

இப்போது பறிப்பவர்களுக்கு வருகிறேன். எந்த வகையானாலும் பழம் கையால்தான் பறிக்கப்படுகிறது; அந்தக் கைகள் பெரும்பாலும் ஙோபே மக்களுடையவை. தமிழில் சொல்லின் முதலில் அரிதாகவே வரும் ஙகரத்துக்கு இவர்கள் பெயரில் இயல்பான இடம் கிடைத்திருக்கிறது. பனாமாவின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே. 2010 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,60,000 பேர். இவர்கள் பேசும் ஙோபெரே, சிப்சா மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பானியத்தோடு அதற்கு உறவு இல்லை. ஸ்பானியரை எதிர்த்துப் போரிட்ட ஊர்ரகா என்ற தலைவரின் உருவம் பனாமாவின் ஒரு செந்தெசிமோ நாணயத்தில் இருக்கிறது. அவரைத் தங்கள் முன்னோராக ஙோபேக்கள் கொண்டாடுகிறார்கள். போக்கேத்தே சந்தையில் தரைதொடும் ஒற்றைநிறப் பருத்தி ஆடையில், தோளிலும் விளிம்பிலும் முக்கோண வரிசைகள் தைத்து உடுத்தியிருக்கும் பெண்களைக் காணலாம். அவ்வுடைக்கு நாகுவா என்று பெயர். நாரை முறுக்கிப் பின்னிய பையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுச் சுமப்பார்கள்.

இவர்களுடைய தாயகம் போக்கேத்தேக்குக் கிழக்கே உள்ள ஙோபே-புக்லே கொமார்க்கா. நெடிய போராட்டத்துக்குப் பின் 1997-இல் சிரிக்கி, பொக்காஸ் தெல் தோரோ, வெராகுவாஸ் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்து நிலம் பிரித்து அமைக்கப்பட்ட தன்னாட்சிப் பகுதி அது. அங்கே நிலம் பொதுச்சொத்து, விற்க முடியாது. அது ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்த மலைகளில் போக்கேத்தேயின் எரிமலை மண் இல்லை. காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளமும் நெல்லும் கிழங்கும் போடும் முறையில், தரிசாக விடும் ஆண்டுகள் குடும்பம் பெருகப் பெருகக் குறைந்துவிட்டன. உணவு ஓரளவு கிடைக்கும். உப்புக்கும் துணிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் காசு கிடைக்காது. நாட்டிலேயே வறுமை மிகக் கூடிய பகுதிகளில் ஒன்றாக அது கணக்கிடப்படுகிறது. அந்தக் காசுக்காகத்தான் அக்டோபரிலிருந்து மார்ச் வரை குடும்பம் குடும்பமாகப் போக்கேத்தேக்கும், எல்லை தாண்டிக் கோஸ்டா ரிக்காவின் தோட்டங்களுக்கும் போகிறார்கள்.

கூலி நாளுக்கன்று, அளவுக்கு. பறித்த பழத்தை 'லாத்தா' என்ற தகர டின்னால் அளக்கிறார்கள். எத்தனை டின் நிறைகிறதோ அத்தனைக்குப் பணம். ஆகவே கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை எல்லாரும் ஒரே வரிசையில் பறித்து ஒரே டின்னை நிரப்புகிறார்கள். கணக்கு பெரும்பாலும் குடும்பத் தலைவன் பெயரில் ஏறுகிறது. கெய்ஷா விலை கூடியதால் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: முற்றிச் சிவந்ததை மட்டும் பொறுக்க வேண்டியிருப்பதால் டின் மெதுவாகத்தான் நிறையும், அதற்கேற்ப நல்ல தோட்டங்கள் டின்னுக்குக் கூடுதலாகத் தருகின்றன. தங்கும் அறைகளும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும். குடிநீரும் கழிவறையும் உள்ள வரிசை வீடுகளும் உண்டு, பலகையடித்த இருட்டறைகளும் உண்டு. பனாமாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அறுவடையின் நடுப்பகுதி விடுமுறையில் விழுந்தாலும், இரு முனைகளும் பள்ளி நாள்களை விழுங்கிவிடுகின்றன. குழந்தைத் தொழிலை ஒழிக்கச் சட்டமும் தொண்டு நிறுவனங்களும் தோட்டங்களிலேயே பராமரிப்பு மையங்களும் வந்திருப்பது முன்னேற்றம்தான். இருந்தாலும் பெற்றோர் ஆண்டில் ஆறு மாதம் இடம்பெயரும் நிலை இருக்கும்வரை அது முழுதாகத் தீராது என்பது என் கணிப்பு. ஙோபேக்களில் சிலர் போக்கேத்தேயிலேயே நிலையாகத் தங்கிவிட்டார்கள். மேற்பார்வையாளராகவும், காப்பியைச் சுவைத்துத் தரம் பிரிப்பவராகவும் உயர்ந்தவர்களும் உண்டு.

ஓய்வூதியக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாதம் 1,000 டாலர் நிலையான ஓய்வூதியம் உள்ள அயல்நாட்டாருக்குப் பனாமா நிரந்தர வசிப்புரிமையும் கட்டணச் சலுகைகளும் தருகிறது. நாட்டில் 1904 முதல் அமெரிக்க டாலரே புழக்கத்தில் இருப்பதால் பணம் மாற்றும் தொல்லையும் இல்லை. மலைக்குளிரோ ஆண்டு முழுவதும் இதமானது. 2000-க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வேலைவாய்ப்பும் நல்ல கடைகளும் உடன் வந்தன. ஆனால் தோட்டமாக இருந்த நிலம் மனையாக விலைபோனபின், உள்ளூர் இளைஞர் ஊருக்குள் வீடு கட்டுவது கடினமாகிவிட்டது. சிறு தோட்டக்காரருக்குக் காப்பியைவிட நிலத்தை விற்பது இலாபம் என்ற நிலையைத் தடுத்து நிறுத்தியதில் கெய்ஷாவின் விலைக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் கல்தேரா ஆற்றங்கரையில் பூக்களுக்கும் காப்பிக்குமான பெருவிழா நடக்கிறது. தலைநகரிலிருந்து வருபவர்களால் விடுதிகள் நிரம்பிவிடும். அறுவடை மும்முரமாக இருப்பதும் அதே மாதந்தான். ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்கிய ஙோபே குடும்பங்கள் அரிசியும் ரப்பர் காலணியும் வாங்க ஊருக்குள் இறங்கும்போது, சுற்றுலாப் பயணியும் ஓய்வூதியக்காரரும் சிரிக்கானோவும் ஒரே தெருவில் இருப்பார்கள். முன்னே சொன்ன 21,000 என்ற எண்ணில் இந்தத் தெரு அடங்காது. 2010 கணக்கெடுப்பு நடந்த நாள் மே 16. அப்போது கடைசிப் பழமும் பறித்தாகி, பறித்தவர்கள் கொமார்க்காவில் தங்கள் சோளக்கொல்லையில் விதைத்துக்கொண்டிருக்கும் பருவம்.